நுண்கலைப் பட்டத்தின் முதலாண்டை எப்படிப் படிப்பது: தென்னாப்பிரிக்கத் தமிழ் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் நுண்கலைப் பட்டத்தின் முதலாண்டு இரண்டு பகுதிகளால் ஆனது. ஒன்று, கரியும் வண்ணமும் களிமண்ணும் கையில் ஒட்டும் பட்டறை வேலை. மற்றொன்று, ஓவியம், ஒளிப்படம், விளம்பரப் பலகை, நினைவுச் சிலை, அடையாள அட்டை என்று கண்ணில் படும் எதையும் எடுத்து ஆராயும் காட்சிப் பண்பாட்டுப் பாடம். வரைவதில் ஆசை கொண்டு சேரும் பிள்ளைகள் பலர் இரண்டாவது பகுதியைத் தலையில் கட்டிய சுமையாக நினைத்து, கட்டுரை கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவில்தான் அதைத் தொடுகிறார்கள். டர்பனில் பள்ளி மாணவர்களுக்கு வரைதல் சொல்லிக்கொடுத்து, அவர்களில் சிலரைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பியவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, இவை இரண்டும் ஒரே பயிற்சி என்பதுதான். ஒரு பொருளை அவசரப்படாமல் பார்ப்பதும், பார்த்ததற்கும் தெரிந்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்து அறிவதும், அதைக் கையாலோ சொல்லாலோ பிறருக்குக் காட்டுவதுமே முதலாண்டில் மதிப்பிடப்படுகின்றன. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கோணத்திலிருந்தே எழுதப்பட்டது.

நம் நாட்டில் தமிழ் எழுத்தை வாசிப்பவர் தாத்தாவாகவும், கல்லூரிக்குப் போகப்போவது ஆங்கிலத்தில் மட்டும் படிக்கும் பேத்தியாகவும் இருப்பது உண்டு. ஆகவே பெரியவர்கள் கேட்கும் கேள்விக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன். நுண்கலைப் பட்டம் பெற்றவர்கள் எல்லோரும் ஓவியம் விற்றுப் பிழைப்பதில்லை. பட்டத்துக்குப் பின் ஓராண்டு ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் முடித்துப் பள்ளி ஆசிரியராகலாம். அருங்காட்சியகம், பதிப்பகம், அசைவூட்டம், திரைப்படக் கலை இயக்கம், காட்சியரங்க நிர்வாகம் ஆகியவற்றிலும் இவர்கள் பணியாற்றுகிறார்கள். வருமானம் கணக்கர் வேலையைப் போல நிலையானதாக இருக்காது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எங்கே, எப்படி விண்ணப்பிப்பது

குவாசூலு-நட்டாலில் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்திலும் நுண்கலை கற்பிக்கப்படுகிறது. இந்த மாகாணத்தின் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு மைய விண்ணப்ப அலுவலகத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் மிகேலிஸ் நுண்கலைப் பள்ளி, ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ், மகாண்டாவின் ரோட்ஸ், ஸ்டெல்லன்போஷ், பிரிட்டோரியா ஆகியவற்றுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு யூனிசாவின் தொலைநிலைக் கல்வி உண்டு. ஆனால் பதினெட்டு வயதில் தொடங்குகிற ஒருவர் மற்ற மாணவர்களோடு ஒரே அறையில் நின்று வேலை செய்வதையே நான் பரிந்துரைப்பேன். பக்கத்து மேசையில் நடப்பதைப் பார்த்துக் கற்பது ஏராளம்.

வகுப்புகள் பிப்ரவரியில் தொடங்கினாலும், விண்ணப்பங்கள் முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலேயே மும்முரமாகிவிடும். மெட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த பிறகு யோசிக்கலாம் என்று இருந்தால் இடம் போய்விடும். பட்டப் படிப்புக்குத் தகுதி தரும் மெட்ரிக் தேர்ச்சியோடு, பெரும்பாலான நுண்கலைத் துறைகள் போர்ட்ஃபோலியோ எனப்படும் படைப்புத் தொகுப்பையும் கேட்கின்றன. பள்ளியில் காட்சிக்கலை ஒரு பாடமாக இல்லாதவர்களும் பல இடங்களில் விண்ணப்பிக்கலாம் என்பதால், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ அந்தப் பாடம் இல்லாத பள்ளியில் படித்தவர்கள் தயங்க வேண்டாம். தொகுப்புதான் அவர்களுக்காகப் பேசும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மேற்படாதவர்கள் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

தொகுப்பைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கைப்பேசியில் கிடைத்த நடிகர் படத்தைப் பார்த்து, கட்டம் போட்டு, மயிரிழை பிசகாமல் பென்சிலில் நகல் எடுத்த உருவப்படங்களே மாணவர்களின் தொகுப்புகளில் நிறைந்திருக்கின்றன. உறவினர்கள் அவற்றைத்தான் மெச்சுவார்கள். தேர்வாளர்கள் அவற்றில் பார்ப்பது பொறுமையை மட்டுமே. ஒளிப்படம் முப்பரிமாண உலகத்தை ஏற்கெனவே தட்டையாக்கிவிட்டது. எதை விடுவது, எதை எடுப்பது என்ற முடிவுகளை எல்லாம் கேமராவே எடுத்துவிட்டது. ஆகவே சமையலறை மேசை, பேருந்துக்குக் காத்திருப்பவர்கள், தூங்கும் நாய், உங்கள் இடது கை என்று கண்ணெதிரே இருப்பதை வரைந்தவற்றையே பெரும்பான்மையாக வையுங்கள். முடிந்த படைப்புகளோடு, அவற்றுக்கு முன்னால் செய்து பார்த்த சிறு வரைவுகளில் இரண்டு மூன்று பக்கங்களையும் சேர்த்தால், நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பது தேர்வாளருக்குத் தெரியும்.

வரைதல் அறையில்

முதலாண்டில் அதிக நேரத்தை விழுங்குவது வரைதல். தென்னாப்பிரிக்காவில் இதைக் கற்பதற்கு ஒரு தனிப் பொருத்தமும் இருக்கிறது: மேற்குக் கேப்பின் பிளாம்போஸ் குகையில் கிடைத்த சிறு கல் துண்டின் மேல் காவிக்கல்லால் இழுக்கப்பட்ட குறுக்குக் கோடுகள் ஏறத்தாழ 73,000 ஆண்டுகள் பழமையானவை என்று 2018இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள், மனிதர் வரைந்ததாக அன்றுவரை அறியப்பட்டவற்றில் அதுவே மிகப் பழையது.

வரைதல் வகுப்பில் முதலில் உடைக்கப்படுவது, தெரிந்ததை வரையும் பழக்கம். வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பித்தளைச் செம்பை மேசையின் மேல் வைத்து, அதைச் சற்று மேலிருந்து பார்க்கும்படி உட்காருங்கள். செம்பின் வாய் வட்டமானது என்று நமக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது நீள்வட்டம். அதன் அடிப்பகுதி மேசையில் சமமாக உட்கார்ந்திருக்கிறது என்றும் தெரியும். அதனால் புதிதாக வரைகிறவர் வாயை அகலமான நீள்வட்டமாகவும் அடியை நேர்க்கோடாகவும் போட்டுவிடுவார். உண்மையில், கண்மட்டத்துக்கு நேராக இருக்கும் வட்டம்தான் கோடாகத் தெரியும். கண்மட்டத்திலிருந்து கீழே இறங்க இறங்க அது திறந்துகொண்டே போகும். ஆகவே செம்பின் அடி வளைவு வாயைக் காட்டிலும் உருண்டையாக இருக்க வேண்டும். இந்த ஒரு திருத்தம் புரிந்த கணத்தில் காகிதத்தில் மிதந்துகொண்டிருந்த செம்பு மேசையின் மேல் உட்கார்ந்துவிடும். அடுத்து, செம்பின் கழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெற்றிடத்தின் வடிவத்தை மட்டும் வரையுங்கள். அதற்குப் பெயர் கிடையாது என்பதால் மனம் அதில் தலையிடாது, கோடு சரியாக வரும்.

அளவு எடுக்கும் முறையையும் முதல் வாரங்களிலேயே கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கையை முழுவதும் நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி, பென்சிலின் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் இடையே செம்பின் அகலத்தைப் பிடியுங்கள். அந்த அளவு உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். கையை நீட்டுவதில் ஒவ்வொரு முறையும் தூரம் மாறினால் கணக்கு கெட்டுவிடும் என்பதால்தான் முழங்கையைப் பற்றி ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

கருவிகளில் கரியே முதன்மையானது. வில்லோ மரக் குச்சிக் கரி எளிதில் துடைபடும். அழுத்திச் செய்த கரி கட்டியான கறுப்பைத் தரும், ஆனால் எளிதில் போகாது. குழைத்து உருட்டக்கூடிய அழிப்பானை அழிக்கும் பொருளாக நினைக்காமல் வெளிச்சம் போடும் கருவியாக நினையுங்கள்: காகிதம் முழுவதும் கரியைத் தேய்த்துச் சாம்பல் நிறமாக்கி, ஒளி விழும் இடங்களை அழிப்பானால் எடுத்து உருவத்தைக் கொண்டுவரும் பயிற்சி பல துறைகளில் கொடுக்கப்படுகிறது. ஜோகன்னஸ்பர்க்கின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989 முதல் செய்துவரும் அசைவூட்டப் படங்கள் இந்த எளிய செயலில் பிறந்தவை. ஒரே தாளில் கரியால் வரைந்து, சிறிது அழித்து, மாற்றி வரைந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் படமெடுக்கிறார். அழித்ததன் தடம் தாளில் தங்கிவிடுகிறது, அந்தத் தடமே படத்தில் காலமாகிறது. அழித்த இடம் அசிங்கமாகத் தெரிகிறதே என்று தாளைக் கிழிக்கப் போகும் மாணவருக்கு இந்தப் படங்களில் ஒன்றைக் காட்டுவது நல்லது.

டர்பன் மாணவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பிப்ரவரி, மார்ச் மாதங்களின் ஈரக் காற்றில் காகிதம் தொய்ந்து, கரி திட்டுத் திட்டாக ஒட்டும். தாள்களை நெகிழித் தாள் சுற்றிச் சுவரோரம் நிறுத்தாமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்து, காற்றோட்டமுள்ள அறையில் வையுங்கள். பூஞ்சை பிடித்த வரைபடத்தை ஆண்டிறுதி மதிப்பீட்டில் வைக்க முடியாது.

குறிப்பேடு

மதிப்பெண்ணில் ஒரு பங்கு முடிந்த படைப்புக்கும் மற்றொரு பங்கு அது உருவான வழிக்கும் போகிறது. அந்த வழியைக் காட்டுவது குறிப்பேடு. இதை அழகான ஆல்பமாக்குவதில் நேரத்தைச் செலவிடுபவர்கள் பெரும்பாலும் அதன் பயனை இழக்கிறார்கள். தேதி போடுங்கள், சிறு கட்டங்களில் ஐந்தாறு விதமாக அமைப்பை மாற்றி வரைந்து பாருங்கள், எந்தக் கறுப்போடு எந்த வெள்ளையை எந்த அளவில் கலந்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள், காட்சியரங்கில் பார்த்த படைப்பின் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். குறிப்புகளைத் தமிழில் எழுதலாமா என்று சில மாணவர்கள் கேட்பதுண்டு. தமிழில் யோசிப்பவர்கள் தாராளமாகத் தமிழில் எழுதலாம். மதிப்பீட்டுக்கு முன்னால் முக்கியமான பக்கங்களுக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி சேர்த்துவிட்டால் போதும்.

மற்றப் பட்டறைகள்

வண்ணத்தில் தொடக்கப் பாடம் சிக்கனம். பெட்டி நிறைய நிறங்களை வாங்காமல், ஒரு சிவப்பு, ஒரு நீலம், ஒரு மஞ்சள், வெள்ளை ஆகியவற்றிலிருந்து மற்றவற்றைக் கலந்து பெறப் பழகுங்கள். நிறத்தின் பெயரைக் காட்டிலும் அதன் இருட்டு வெளிச்ச அளவுதான் உருவத்தை நிறுத்துகிறது. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நிறம் மங்கி அந்த அளவு மட்டும் மிஞ்சும். எண்ணெய் வண்ணம் துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைக்கக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு வினைபுரியும்போது சூடு உண்டாகி, குவியலுக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். பட்டறையில் மூடியுள்ள உலோகத் தொட்டி வைத்திருப்பது அதனால்தான். களிமண் அறையில் காய்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அந்தத் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு.

அச்சுப் பட்டறையில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் லினோலியத் தகடு. நட்டாலில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த பெடர், உல்லா கோவெனியஸ் தம்பதியர் 1962இல் நிறுவிய கலை, கைவினை மையம் பின்னர் ரோர்க்ஸ் டிரிஃப்டில் வளர்ந்தது. நிறவெறிச் சட்டங்கள் கறுப்பின மாணவர்களுக்குப் பல்கலைக்கழக நுண்கலைத் துறைகளை ஏறக்குறைய மூடிவைத்திருந்த காலத்தில், அங்கே அசாரியா ம்பாத்தாவும் ஜான் முவாஃபன்கேஜோவும் மலிவான தரைவிரிப்புப் பொருளையே கத்தியால் செதுக்கி உலகறிந்த அச்சோவியங்களை உருவாக்கினார்கள். லினோகட் எனப்படும் இந்த அச்சு முறையில் செதுக்கிய இடம் வெள்ளையாகும், விட்ட இடம் கறுப்பாகும், படம் இடவலமாகத் திரும்பும். ஆகவே எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பிச் செதுக்க வேண்டும். தமிழ் எழுத்தைப் படத்தில் சேர்க்க விரும்புபவர்கள், "ண"வின் சுழிகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதை மெல்லிய தாளில் எழுதித் திருப்பிப் போட்டுச் சரிபார்த்த பிறகே கத்தியைத் தொடுங்கள். தகட்டைச் சற்றே சூடாக்கினால் கத்தி வழுக்காது. பிடித்திருக்கும் கையை எப்போதும் கத்திக்குப் பின்னால் வையுங்கள்.

விமர்சன அமர்வு

மாணவர்கள் "கிரிட்" என்று சொல்லும் அமர்வில், எல்லோருடைய வேலையும் சுவரில் தொங்க, ஆசிரியரும் சக மாணவர்களும் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவார்கள். பெரியவர்கள் முன்னால் மறுத்துப் பேசாமல் வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது கடினமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். திட்டு வாங்குவதாக நினைத்துத் தலைகுனிந்து நின்றுவிடுகிறார்கள். ஆசிரியர் "ஏன் இதை இவ்வளவு பெரிதாக வரைந்தாய்?" என்று கேட்டால் அது பெரும்பாலும் கண்டனமல்ல, கேள்விதான்; காரணத்தைச் சொன்னால் உரையாடல் நகரும், காரணம் இல்லையென்றால் இல்லை என்று சொன்னாலும் நகரும். பிறர் வேலையைப் பற்றிப் பேசும்போது "நன்றாக இருக்கிறது" என்பதற்குப் பதிலாக, கண் முதலில் எங்கே போனது, அங்கிருந்து எங்கே இழுக்கப்பட்டது, எந்த இடத்தில் மாட்டிக்கொண்டது என்று சொல்லுங்கள். உங்கள் வேலை பேசப்படும்போது, சொல்லப்படுவதை எழுதிக்கொள்ள ஒரு நண்பரைக் கேட்டுக்கொள்வது நல்லது. படபடப்பில் பாதிதான் காதில் விழும்.

காட்சிப் பண்பாட்டுக் கட்டுரையை எழுதும் முறை

இந்தப் பாடத்தில் சறுக்குபவர்களில் பலர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்துவிடுகிறார்கள். வரிசை மாற வேண்டும். முதலில் படத்தின் முன் அரைமணி நேரம் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். அதன் பிறகு அது எதனால் ஆனது, எப்படி உண்டாக்கப்பட்டது என்று கேளுங்கள். அடுத்து யாருக்காக, எங்கே வைக்கப்பட்டது, யார் பார்த்தார்கள், அதை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். நூலகத்துக்குப் போவது அதற்குப் பின்புதான்.

நம் வீடுகளிலேயே இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பூஜை அறையில் சட்டம் போட்ட முருகன் படம். உருவம் நேராக நம்மைப் பார்க்கிறது. வள்ளியும் தெய்வானையும் இருபுறமும் சமநிலையில் நிற்கிறார்கள். வேலும் மயிலின் கழுத்தும் கண்ணை முகத்துக்கு ஏற்றிவிடுகின்றன. முகத்தில் ஒளிநிழல் ஐரோப்பிய எண்ணெய் ஓவிய முறையில் போடப்பட்டிருக்கிறது. ஆனால் அணிகலன்கள் நிழலே படாமல் தட்டையாக மின்னுகின்றன. ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் தோலின் நிறம் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகப் பிரிந்துபோகும்: இது ஆஃப்செட் அச்சு. இங்கிருந்து கேள்வி வரலாற்றுக்குள் போகிறது. ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தெய்வ உருவங்களை எல்லா வீடுகளுக்கும் கொண்டுசென்ற கதையும், கோவில்பட்டியின் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த படங்கள் சிவகாசி நாட்காட்டிகளாகப் பரவிய கதையும் இந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கின்றன.

இவ்வளவும் எழுதினால் அது நல்ல கலைவரலாற்றுக் குறிப்பு. காட்சிப் பண்பாடு கேட்கும் கேள்வி இன்னும் ஒன்று உண்டு: கண்ணாடியின் மேல் நெற்றிக்கு நேராக இருக்கும் குங்குமப் பொட்டு என்ன செய்கிறது? அச்சிட்டவர் வைக்காதது அது. கண்ணாடியைத் துடைத்து மறுபடி வைக்கப்பட்டு, பல ஆண்டுகளில் ஓரம் கறைபடிந்து, அந்தப் படம் பார்ப்பதற்கு மட்டுமல்லாமல் தொடுவதற்கும் உரியது என்று காட்டும் சான்று. காட்சியரங்கில் தொடாதீர்கள் என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில் தொங்கும் படத்தோடு இதை ஒப்பிட்டால், ஒரு முழுக் கட்டுரைக்கு வாதம் கிடைத்துவிடுகிறது.

நம் வரலாற்றில் இத்தகைய பொருள்கள் நிறைய உள்ளன. 1860க்கும் 1911க்கும் இடையே நட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட 1,52,184 பேரைப் பற்றிய கப்பல் பதிவேடுகளில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றோடு உடலிலுள்ள தழும்பு, மச்சம் போன்ற அடையாளங்களுக்கும் ஒரு பத்தி இருந்தது. படமெடுக்காமலே ஒரு மனிதரை அடையாளம் காண அதிகாரம் எப்படிப் பார்த்தது என்பதற்கு இது நேரடிச் சான்று. பிற்கால நிறவெறி அரசின் கீழ்க் கறுப்பினத்தவர் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டியிருந்த பாஸ் புத்தகத்தின் ஒளிப்படத்தோடு இதைச் சேர்த்துப் படிக்கலாம். அதற்கு எதிர்த்திசையில் நின்று பார்த்தவர்களும் இருந்தார்கள்: இசிப்பிங்கோவில் பிறந்த ரஞ்சித் காலி "ட்ரம்" இதழுக்காக எடுத்த படங்கள், ஓமர் பாட்ஷா கிரே தெரு வட்டாரத்தில் எடுத்த படங்கள் ஆகியவற்றில் அதே மனிதர்கள் தங்கள் உடையோடும் செருக்கோடும் நிற்கிறார்கள்.

வளாகமே பாடமாகும் நாடு இது. கேப் டவுன் பல்கலைக்கழகத்திலிருந்து செசில் ரோட்ஸின் சிலை மாணவர் போராட்டத்துக்குப் பின் 2015 ஏப்ரல் 9 அன்று அகற்றப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அங்கே போராட்டக்காரர்கள் கட்டடங்களிலிருந்து எடுத்து எரித்த ஓவியங்களில், கறுப்பினக் கலைஞரான கெரெசெமோசே ரிச்சர்ட் பஹோலோ முந்தைய காலப் போராட்டங்களைப் பற்றியே வரைந்தவையும் இருந்தன. முதலாண்டு வகுப்பில் இதைப் பற்றிக் காரசாரமாகப் பேசுவார்கள். ஒரு பக்கம் சாய்ந்து முழங்குவதற்கு முன்னால், எரிந்த படங்களில் என்ன இருந்தது என்று முதலில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கட்டுரையிலும் அதே விதி.

மேற்கோள் காட்டுவதில் கவனம் தேவை. எந்தப் படத்தைச் சேர்த்தாலும் கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, இருக்கும் இடம் ஆகிய ஆறையும் கீழே எழுதுங்கள். பல்கலைக்கழகங்கள் நகலைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் கட்டுரையைப் போட்டுப் பார்க்கின்றன. அதைக் காட்டிலும், தன் கண்ணால் பார்க்காதவர் எழுதிய வர்ணனையை ஆசிரியர் மூன்றாவது வரியிலேயே கண்டுகொள்வார்.

நேரில் பார்ப்பதற்கு டர்பன் நகர மண்டபத்திலுள்ள கலைக்கூடமும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டாத்தம் கலைக்கூடமும், சூலு மணிவேலைகளைக் காண டர்பனின் பான்சி அருங்காட்சியகமும் உள்ளன. திறந்திருக்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு பிற்பகலில் எல்லாவற்றையும் சுற்றிப் பார்ப்பதைவிட ஒரே படைப்பை உட்கார்ந்து வரைந்துவிட்டு வருவது பல மடங்கு பயன் தரும்.

நம் மரபைக் கையாள்வது

இந்திய வம்சாவளி மாணவர் என்றாலே தாமரை, யானை, மாங்காய் வடிவம், மருதாணிக் கை என்று வேலையில் நிரப்புவதை முதலாண்டில் அடிக்கடி காணலாம். ஆசிரியர்கள் மரியாதைக்காகத் தலையசைப்பார்கள்; மதிப்பெண் ஏறாது. அலங்காரத்தை ஒட்டிவைப்பதில் எந்தக் கேள்வியும் இல்லை என்பதுதான் காரணம். மரபிலிருந்து எடுக்க வேண்டியது அதன் செய்முறையையும் சிக்கலையும். சிக்குக் கோலங்கள் பலவற்றில் ஒரே கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. விரல்களிலிருந்து விழும் மாவின் வேகம் கோட்டின் தடிமனைத் தீர்மானிக்கிறது. மாலைக்குள் காலடியில் அழிந்துபோகிறது. கோடு, வேகம், அழிவு ஆகிய மூன்றும் வரைதல் வகுப்பின் மையக் கேள்விகள். தாமரையே போடாமல் அவற்றைக் கையாளலாம்.

நம்மூர்க் கோயில்களும் அப்படியே. ராமசாமி பிள்ளையைப் போன்ற கொத்தனார்கள் கருங்கல்லுக்குப் பதிலாகச் செங்கல்லிலும் சுதையிலும் கட்டி, கிடைத்த பொருளுக்கு ஏற்ப வடிவத்தை மாற்றினார்கள். இன்று பளபளப்பான எனாமல் பூச்சுக்கு அடியில் மறைந்திருக்கும் அந்தச் சுதை வேலையின் விளிம்புகளை உம்பிலோ, இசிப்பிங்கோ, மவுண்ட் எட்ஜ்கும் கோயில்களில் வரைந்து பார்க்கலாம். நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், கருவறையைப் படமெடுக்காதீர்கள், திருவிழா நாளில் போய் நடுவழியில் ஓவியத் தாங்கியை நிறுத்தாதீர்கள். காளியின் உருவத்தை ஜோகன்னஸ்பர்க் கலைஞர் ரேஷ்மா சிபா எவ்வாறு கையாள்கிறார் என்று பார்ப்பதும் பயனுள்ளது. அவருடைய படைப்புகள் வீட்டுப் பெரியவர்களுக்கு அதிர்ச்சி தரக்கூடும் என்பதால் பேத்தி தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

நேரமும் பணமும்

நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பாகக் கணக்கிடப்படுகிறது. ஓராண்டின் 120 கிரெடிட்டுகள் 1,200 மணி நேரம். வகுப்பில் உட்காரும் நேரம் இதில் ஒரு பகுதிதான். மீதி உங்கள் பொறுப்பு. வண்ணம் காயவும், களிமண் சூளையில் வேகவும், அச்சு உலரவும் தனித்தனியே நாட்கள் வேண்டும் என்பதால் கடைசி இரவில் விழித்து முடிப்பது பட்டறைப் பாடங்களில் செல்லாது. வாரத்தில் இரண்டு மாலைகளைக் கட்டுரைக்கு என்று ஒதுக்கிவையுங்கள்.

பொருள்களில் எதில் சிக்கனம் செய்யலாம், எதில் கூடாது என்பது தெரிய வேண்டும். பயிற்சிக்குச் செய்தித்தாள் காகிதச் சுருளும் பழுப்புப் பொட்டலத் தாளும் போதும். தூரிகையிலும் லினோ கத்தியிலும் மலிவானதை வாங்கினால் இருமுறை வாங்க நேரும். பல்கலைக்கழகம் தரும் பட்டியலை முதல் நாளே முழுவதும் வாங்காமல், எந்தப் பட்டறை எந்தப் பருவத்தில் வருகிறது என்று விசாரித்து அதற்கேற்ப வாங்குங்கள். மேல்வகுப்பு மாணவர்கள் பாதி விலைக்குத் தருவதும் உண்டு.

ஆண்டிறுதியில் எல்லா வேலையையும் சுவரில் அமைத்துக் காட்ட வேண்டியிருக்கும். அனைத்தையும் தொங்கவிட இடம் இருந்தாலும் தொங்கவிடாதீர்கள். வலுவற்ற இரண்டு படங்கள் பக்கத்திலுள்ள நல்ல படத்தையும் கீழே இழுக்கும். படங்களின் நடுக்கோடு பார்ப்பவரின் கண்மட்டத்தில், தரையிலிருந்து ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே நேரில் இருக்கட்டும். இரண்டாம் ஆண்டுக்கு எந்தத் துறையைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவையும் இந்தச் சுவரின் முன் நின்றே எடுக்கலாம்: எதில் அதிக மதிப்பெண் வந்தது என்பதை விட்டுவிட்டு, குறிப்பேட்டில் யாரும் கேட்காமலே எதற்காக அதிகப் பக்கங்களை நிரப்பினீர்கள் என்று எண்ணிப் பார்த்து, அந்தப் பட்டறையின் பெயரை விண்ணப்பத்தில் எழுதுங்கள்.